நீர்க்கடுப்பும் கடை மாத்திரையும்

இராமநாதபுரம் மாவட்டத்தின் தென்கரையில் உள்ளது கடலாடி வட்டம். சாயல்குடி, மாரியூர், வாலிநோக்கம் போன்ற ஊர்கள் இதில் அடங்கும். 1974ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்புக் கழகத்தின் மாரியூர்-வாலிநோக்கம் உப்பளமும் இந்தக் கரையில்தான் இருக்கிறது. பனையும் கருவேலமும் நிறைந்த வறண்ட நிலம் இது. இங்கே நல்ல தண்ணீர் எளிதில் கிடைக்கும் பொருளன்று. குழாய்த் தண்ணீர் வராத நாளில் மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கும் நீரைச் சிரட்டையால் மொண்டு குடம் நிரப்பும் பெண்களை நீங்கள் கண்டிருக்கலாம்.

உச்சி வெயிலில் உழைக்கும் உடல் வியர்வையாக நீரை இழக்கிறது. இழந்ததை ஈடுசெய்யத் தண்ணீர் போதுவதில்லை. ஒதுங்குவதற்கு மறைவிடமும் அருகில் இராது. எனவே பெண்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள்; வருகின்ற சிறுநீரையும் அடக்கிக்கொள்கிறார்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழகத்து உப்பளங்கள் ஏழில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தனர். பெரும்பாலோர் அளவுக்கு மீறிய வெப்பத்தில் உழைத்து வந்தனர். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது.

இத்தகைய வாழ்க்கையில் அடிக்கடி தலைகாட்டும் தொல்லை ஒன்று உண்டு. அதுதான் நீர்க்கடுப்பு. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிவயிற்றில் வலி, சொட்டுச் சொட்டாகப் போதல், போய் வந்தவுடன் மீண்டும் போகவேண்டும் என்ற உணர்வு ஆகியவை இதன் அடையாளங்கள். சூட்டினாலும் நீர்க்குறைவினாலும் மட்டும் எரிச்சல் தோன்றலாம். ஆனால் பல நேரங்களில் நுண்ணுயிர்கள் சிறுநீர்ப் பாதையில் புகுந்து பெருகுவதே காரணம். ஆறு மாதத்தில் இருமுறையோ ஓராண்டில் மூன்று முறையோ இந்தத் தொற்று வந்தால் அதை 'மீள்தொற்று' என்கின்றனர் மருத்துவர்கள்.

மருந்துக் கடைகளில் இன்று இதற்கென்று பலவகைப் பொருள்கள் விற்கப்படுகின்றன. கிரான்பெரி மாத்திரை, டி-மேனோஸ் தூள், வைட்டமின் சி, மூலிகைக் கூட்டு என்று பட்டியல் நீள்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமலே இவற்றை வாங்கலாம். ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும் விலையுள்ளவையும் இவற்றில் உண்டு. இவற்றுள் எது உண்மையில் தொற்றைத் தடுக்கும்? இதற்கு விடை காண அறிவியலுக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றில் நம் மன்னார் வளைகுடாவில் விளையும் ஒரு பொருளுக்கும் தொடர்பு உண்டு.

எண்ணுவதற்கு ஒரு பாகு

ஒரு பொருள் தொற்றைத் தடுக்கிறதா என்று அறிய வேண்டுமானால், முதலில் தொற்று இருக்கிறதா என்று அறிய வேண்டும். அதற்குச் சிறுநீரில் உள்ள நுண்ணுயிர்களை வளர்த்து எண்ண வேண்டும். ஜெர்மன் அறிஞர் ராபர்ட் கோக் முதலில் இதற்கு ஜெலட்டின் பாகைப் பயன்படுத்தினார். ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன. உடல் வெப்பமாகிய 37 டிகிரி செல்சியஸில் அது உருகிவிடும். சில நுண்ணுயிர்கள் அதையே தின்று நீராக்கிவிடும்.

கோக்கின் ஆய்வுக்கூடத்தில் 1881இல் வால்டர் ஹெஸ்ஸே என்பவர் பணிபுரிந்தார். அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ்ஸே வீட்டில் பழப்பாகு செய்வதற்குக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் 'அகர்' என்னும் பொருளைப் பயன்படுத்துவது வழக்கம். ஜாவாத் தீவில் வாழ்ந்து திரும்பிய ஒரு குடும்பத்தாரிடம் அவர் கற்ற முறை அது. கோடை வெப்பத்திலும் அந்தப் பாகு உருகவில்லை. அதையே ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தலாம் என்று அவர் கணவரிடம் சொன்னார். அடுத்த ஆண்டு கோக் தம் கட்டுரையில் அகரைக் குறிப்பிட்டார். அந்த யோசனையைத் தந்த பெண்மணியின் பெயரைக் குறிப்பிடவில்லை. 1887இல் பெட்ரி என்பவர் மூடியுள்ள கண்ணாடித் தட்டை அமைத்தார். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் அகர்த் தட்டு நிலைபெற்றது.

அகர் தரும் பாசிகள் நம் கரையோரத்திலும் வளர்கின்றன. மீனவ மக்கள் இவற்றை மரிக்கொழுந்துப் பாசி என்றும் கஞ்சிப்பாசி என்றும் அழைக்கின்றனர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அகர் வருவது நின்றபோது, நம் நாட்டு அறிவியலார் உள்நாட்டுப் பாசிகளிலிருந்து அகர் எடுக்கும் முறையை ஆராய்ந்தனர். 1947இல் தோன்றிய மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் இயங்கிய காலத்திலும் இந்த ஆராய்ச்சி தொடர்ந்தது. இன்றும் இராமநாதபுரம் கரையில் பெண்கள் பலர் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, கடலில் மூழ்கிப் பாசி பறித்துப் பிழைக்கின்றனர். நீர்க்கடுப்பின் காரணத்தைக் கண்டறியும் தட்டுக்கு மூலப்பொருள் தரும் தொழில் இது. தட்டுச் சோதனையின் பயனை முதலில் அறிய வேண்டியவர்களும் இவர்களே.

ஒரு லட்சம் என்னும் எல்லை

தட்டு கிடைத்தது. ஆனால் எத்தனை நுண்ணுயிர் இருந்தால் தொற்று என்று கொள்வது? சிறுநீரைப் பிடிக்கும்போது தோலில் உள்ள கிருமிகளும் கலந்துவிடுமே! அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்வர்ட் கேஸ் என்ற மருத்துவர் 1950களில் இதற்கு ஓர் அளவு வகுத்தார். ஒரு மில்லி லிட்டர் சிறுநீரில் ஒரு லட்சம் நுண்ணுயிர்கள் இருந்தால் அது உண்மையான தொற்று என்றார். கணக்கு எளியது. ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு சிறுநீரைத் தட்டில் தடவுகிறோம். மறுநாள் 100 புள்ளிகள் தோன்றினால், மில்லி லிட்டருக்கு ஒரு லட்சம் என்று பொருள். எரிச்சல் உள்ள பெண்களுக்கு இதைவிடக் குறைந்த எண்ணிக்கையே தொற்றைக் காட்டப் போதும் என்று 1980களில் தெரியவந்தது.

பெரும்பாலான தொற்றுகளுக்குக் காரணம் ஈ. கோலை என்னும் பாக்டீரியா. 1885இல் எஷரிக் என்பவர் கண்டறிந்த இது, நம் குடலில் இயல்பாகவே வாழ்வது. பெண்களின் சிறுநீர்த் தாரை 4 சென்டிமீட்டர் அளவே நீளமுடையது. ஆண்களுக்கு அது 20 சென்டிமீட்டர் அளவு. இதனால் பெண்களின் சிறுநீர்ப்பையைக் கிருமிகள் விரைவில் அடைகின்றன. எனவே இந்த நோய் வருவதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிரான்பெரியின் கதை

கிரான்பெரி என்பது வட அமெரிக்காவின் குளிர்ந்த சதுப்பு நிலங்களில் விளையும் சிறு பழம். நம் களாக்காய் வேறு, அது வேறு. 1914இல் பிளாதர்விக் என்ற அமெரிக்கர் இந்தப் பழத்தை உண்டால் சிறுநீர் புளிப்புத்தன்மை அடைகிறது என்று கண்டார். பழத்திலுள்ள பென்சாயிக் அமிலம் உடலில் ஹிப்பூரிக் அமிலமாக மாறி வெளியேறுவதே காரணம். புளிப்பில் கிருமிகள் சாகும் என்று பலரும் முடிவு கட்டினர்.

முன்பு சொன்ன கேஸும் அவருடைய துணைவர்களும் 1959இல் இதைச் சோதித்தனர். ஹிப்பூரிக் அமிலம் மிகுதியாக இருந்தால் கிருமியின் வளர்ச்சியை அடக்கும் என்பது உண்மையே. ஆனால் நாம் வழக்கமாகக் குடிக்கும் அளவுச் சாற்றினால் அத்தனை அமிலம் சிறுநீரில் சேர்வது அரிது. காரணம் பிழைத்தது. அதனால் பழமும் பயனற்றது என்று ஆகிவிடுமா? அவசரப்படாதீர்கள்.

1984இல் சோபோட்டா என்பவர் வேறொரு வழி காட்டினார். கிரான்பெரிச் சாறு கிருமியைக் கொல்வதில்லை. கிருமி உடற்செல்லில் ஒட்டிக்கொள்வதைத் தடுக்கிறது என்றார். ஒட்டிக்கொள்ள இயலாத கிருமி சிறுநீரோடு வெளியே போய்விடும். பழத்திலுள்ள ஒருவகைத் துவர்ப்புப் பொருளே இதைச் செய்கிறது என்று 1998இல் கண்டனர். இதற்கிடையே பாஸ்டனில் முதிய பெண்கள் 153 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 1994இல் வெளியானது. நாள்தோறும் 300 மில்லி லிட்டர் கிரான்பெரிச் சாறு குடித்தவர்களிடம், போலிச் சாறு குடித்தவர்களைவிடச் சிறுநீரில் கிருமியும் சீழும் காணப்படுவது குறைந்தது.

மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2012இல் இதைப் பரிசீலித்து, பயன் உறுதியாகத் தெரியவில்லை என்றது. 2023இல் 50 ஆய்வுகளையும் 8,857 பேரையும் சேர்த்துக் கணக்கிட்டு, முடிவை மாற்றியது. மீள்தொற்று உள்ள பெண்களுக்குக் கிரான்பெரியால் தொற்று வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு 26 பங்கு குறைகிறது. குழந்தைகளுக்கும் பயன் உண்டு. கருவுற்ற பெண்கள், இல்லங்களில் வாழும் முதியோர், சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாதவர்கள் ஆகியோருக்குப் பயன் தெரியவில்லை. ஒரு முறை சொன்ன முடிவைப் புதிய சான்று வந்ததும் மாற்றிக்கொள்வது அறிவியலின் இயல்பு.

மேனோஸின் ஏமாற்றம்

டி-மேனோஸ் என்பது ஒரு வகைச் சர்க்கரை. ஈ. கோலை தன் மேலுள்ள நுண்ணிய இழைகளால் செல்லின் மேனோஸைப் பற்றிக்கொள்கிறது என்று 1977இல் இஸ்ரேல் அறிவியலார் கண்டனர். மேனோஸைக் குடித்தால் கிருமி அதைப் பற்றிக்கொண்டு ஏமாந்து வெளியேறும் அல்லவா? கருத்து அழகானது. குரோஷியாவில் நடந்து 2014இல் வெளியான ஆய்வும் ஊக்கமளித்தது. ஆனால் அதில் ஒப்பிடுவதற்குப் போலித் தூள் தரப்படவில்லை. பிரிட்டனில் 598 பெண்களுக்கு ஆறு மாதம் வரை நடந்த சோதனையின் முடிவு 2024இல் வெளியானது. சிலருக்கு நாள்தோறும் 2 கிராம் மேனோஸ், சிலருக்கு அதுபோலவே தோன்றும் போலித் தூள். யாருக்கு எது என்பது அவர்களுக்குத் தெரியாது. மேனோஸ் எடுத்தவர்களில் நூற்றுக்கு 51 பேரும், போலித் தூள் எடுத்தவர்களில் நூற்றுக்கு 56 பேரும் மீண்டும் தொற்றுக்காக மருத்துவரை நாடினர். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. ஆய்வுக்கூடத்தில் சரியாக இருக்கும் விளக்கம் மனித உடலில் பலிக்காமலும் போகலாம் என்பதற்கு இது சான்று.

நம் ஊர் மருந்துகள்

நீர்க்கடுப்புக்கு நம் பக்கத்தில் நுங்கு, பதநீர், பார்லிக் கஞ்சி, வாழைத்தண்டுச் சாறு ஆகியவற்றைத் தருவார்கள். நெருஞ்சில், சிறுகண்பீளை, நீர்முள்ளி ஆகியவை சிறுநீரைப் பெருக்குவன என்று சித்த மருத்துவம் கூறுகிறது. இவை எரிச்சலைத் தணிக்கலாம். ஆனால் மீள்தொற்றைத் தடுக்குமா என்பதற்குக் கிரான்பெரிக்கு நடந்தது போன்ற பெருஞ்சோதனைகள் இவற்றுக்கு நடக்கவில்லை. மருந்துக் கடையில் தரும் காரப்பாகுகளும் இப்படித்தான்; அவை எரிச்சலைக் குறைக்கவே பயன்படுகின்றன. எரிச்சல் தணிவது ஒன்று, தொற்று வராமல் தடுப்பது வேறொன்று.

இந்த வீட்டு மருந்துகளில் பலவற்றுக்குப் பொதுவான ஒன்று உண்டு. அதுதான் தண்ணீர். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், மீள்தொற்று உள்ள, நாளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறைவாகத் திரவம் அருந்தும் பெண்கள் 140 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் வழக்கத்தைவிட ஒன்றரை லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் குடித்தனர். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறையும், மற்றவர்களுக்கு 3.2 முறையும் தொற்று வந்தது. தண்ணீர்ப் புட்டி நிறுவனம் ஒன்று இதற்குப் பொருளுதவி செய்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும் காரணம் தெளிவானது. நல்ல சூழலில் ஈ. கோலை 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகும். அந்தக் கணக்கில் ஒரு கிருமி நான்கு மணி நேரத்தில் 4,096 ஆகிவிடும். சிறுநீர்ப்பையில் வேகம் இதைவிடக் குறைவாக இருக்கலாம். எனினும் அடக்கிவைக்கும் ஒவ்வொரு மணியும் கிருமிக்கு நாம் தரும் அவகாசமே.

வாங்குமுன் எண்ணுங்கள்

ஊட்டப்பொருள் புட்டியின் சீட்டைப் படித்துப் பாருங்கள். 'மருத்துவப் பயன்பாட்டிற்கன்று' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். 2016ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதி அதைக் கட்டாயமாக்கியது. அப்படியும் வாங்க விரும்பினால், மீள்தொற்று உள்ள பெண்களுக்குச் சான்று ஓரளவு தேறியிருப்பது கிரான்பெரிக்கு மட்டுமே. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்வோரும், சிறுநீரகக் கல் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டே அதை எடுக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குப் பிறப்புறுப்பில் இடும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு நல்ல பயன் தருவது 1993 முதலே தெரியும். அதை மருத்துவரே எழுதித்தர வேண்டும்.

எந்தத் தடுப்புப் பொருளும் வந்துவிட்ட தொற்றைத் தீர்க்காது. காய்ச்சல், குளிர் நடுக்கம், முதுகுப் பக்க வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் ஆகியவை இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கருவுற்றவர்கள், குழந்தைகள், ஆண்கள், நீரிழிவு உள்ளவர்கள் எரிச்சல் தோன்றியதும் தாமதிக்கலாகாது. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையை விழுங்காதீர்கள். அடுத்த முறை எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியை அது வளர்த்துவிடலாம். தொற்று திரும்பத் திரும்ப வந்தால், மருந்து தொடங்கும் முன்பே சிறுநீரைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும்படி கேளுங்கள். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்பதை ஓரிரு நாளில் அது சொல்லிவிடும்.

கடலாடிப் பக்கத்து உப்பளத்தில் உழைக்கும் பெண்ணுக்கு "நிறையத் தண்ணீர் குடி, சிறுநீரை அடக்காதே" என்று சொல்வது எளிது. வேலையிடத்தில் குடிநீரும், நிழலும், கதவுள்ள கழிப்பறையும் இருந்தால்தான் அவள் அதைப் பின்பற்ற முடியும். மாத்திரையின் விலையைக் கணக்கிடும்போது இந்த மூன்றின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பாருங்கள். உங்கள் ஊரில் கிராம சபை கூடும்போது இதைக் கேட்பதற்கு நீங்கள் மருத்துவராக இருக்க வேண்டியதில்லை.