ராமநகரத்துப் பாசிமணி

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கிறது ராமநகரம். 'ஷோலே' படத்தின் பாறைக் குன்றுகளால் பின்னாளில் பெயர் பெற்ற ஊர். 1950களின் தொடக்கத்தில் அங்கே குடும்பக் கட்டுப்பாட்டுச் சோதனை ஒன்று நடந்தது. பெண்களுக்கு வண்ணப் பாசிமணிச் சரம் கொடுத்தார்கள். நாளுக்கு ஒரு மணி. பச்சை மணி வந்தால் கணவனோடு சேரலாம். சிவப்பு வந்தால் கரு தங்கும் நாள், விலகி இருக்க வேண்டும். தினமும் ஒரு மணியைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

இதற்குப் பின்னால் ஒரு அரசியல் இருந்தது. குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே கையில் எடுத்த முதல் நாடு இந்தியா. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் அதற்கு 65 லட்சம் ரூபாய் ஒதுக்கினார்கள். ஆனால் சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கவுர் காந்தியின் அணுக்கத் தொண்டர். கருத்தடைச் சாதனங்கள் என்றாலே அவருக்கு ஒவ்வாது. 1935 டிசம்பரில் வார்தாவுக்கு வந்து கருத்தடைக்காக வாதாடிய அமெரிக்கப் பிரசாரகர் மார்கரெட் சாங்கரிடம் காந்தியும் மசியவில்லை. பாதுகாப்பான நாட்களைப் பார்த்துச் சேரும் முறையில் கொஞ்சமாவது அடக்கம் இருக்கிறது என்ற அளவுக்கே இறங்கி வந்தார். அம்ரித் கவுர் அந்த இடைவழியைப் பிடித்துக்கொண்டார். உலக சுகாதார நிறுவனம் 1951இல் நியூயார்க் மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோனை அனுப்பியது. தில்லியின் லோதி காலனியும் ராமநகரமும் சோதனைக் களங்களாயின.

நாள் எண்ணும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. முன்பெல்லாம் எண்ணியது பிள்ளை வேண்டி. பரத்தையிடம் போன தலைவனும்கூட, மனைவிக்குப் பூப்பு வந்த பின் பன்னிரண்டு நாள் அவளை விட்டு அகன்றிருக்கக் கூடாது என்கிறது தொல்காப்பியத்தின் கற்பியல். நாளை எங்கிருந்து எண்ணத் தொடங்கினாலும், இருபத்தெட்டு நாள் சுழற்சியில் கருமுட்டை வெளிவரும் 14ஆம் நாள் அந்த எல்லைக்குள்ளோ அதை ஒட்டியோ விழுந்துவிடுகிறது. மனு தருமம் பதினாறு இரவு என்று கணக்கிட்டு, முதல் நான்கையும் பதினொன்றாவதையும் பதின்மூன்றாவதையும் விலக்கியது; இரட்டைப்படை இரவில் ஆண், ஒற்றைப்படையில் பெண் என்றும் சொன்னது. பிந்தைய பகுதிக்கு உடலியலில் எந்த ஆதாரமும் இல்லை.

ஐரோப்பாவின் கணக்கு இதைவிடப் பிசகியது. பண்டைய ரோமில் மருத்துவம் பார்த்த சொரேனஸ், கரு தங்க உகந்த நேரம் மாதவிலக்கு முடியும் தறுவாய் என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களும் அதே தடத்தில் போனார்கள். நாய்க்கு உதிரம் கசிவது சினைக்கு வரும் பருவத்தில். பெண்ணின் மாதவிலக்கும் அப்படித்தான் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் மாதத்தின் நடுப்பகுதி ஆபத்தில்லாத நாட்களாகிவிட்டது. பிள்ளை வேண்டாம் என்று மருத்துவர் பேச்சைக் கேட்ட தம்பதிகள் கருமுட்டை காத்திருக்கும் நாட்களிலேயே சேர்ந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பானின் நீகாதா நகரில் பணியாற்றிய கியூசாக்கு ஒகினோ. வயிற்று அறுவைக்கு வந்த பெண்களின் சூலகங்களைப் பார்த்து, கருமுட்டை வெடித்த தடம் எந்த நாளில் தெரிகிறது என்று அவர்களுடைய மாதவிலக்குத் தேதிகளோடு ஒப்பிட்டார். எல்லோரும் போன மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணிக்கொண்டிருந்தபோது, அவர் அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ணினார். அதற்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன் கருமுட்டை வெளிவருகிறது என்று 1924இல் எழுதினார். சில ஆண்டுகள் கழித்து ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாவுஸ் வேறு வழியில் ஏறத்தாழ அதே முடிவுக்கு வந்தார். கத்தோலிக்க மருத்துவர்கள் அதை உடனே கருத்தடைக்குத் திருப்பிக்கொண்டார்கள். ஒகினோவுக்கு அதில் உடன்பாடில்லை. பிள்ளைப்பேற்றுக்குத் துணையாகத்தான் தன் கணக்கை அவர் பார்த்தார்.

அவர் தயங்கியதில் நியாயம் இருந்தது. அடுத்த மாதவிலக்கு எப்போது என்பது வந்த பிறகுதான் தெரியும். அதனால் பல மாதத் தேதிகளைக் குறித்துவைத்து, மிகக் குறுகிய சுழற்சியில் 18ஐயும் மிக நீண்டதில் 11ஐயும் கழிக்க வேண்டும். 26 நாளிலிருந்து 31 நாள் வரை மாறும் பெண்ணுக்கு 8ஆம் நாள் முதல் 20ஆம் நாள் வரை விலகல். காகிதத்தில் எளிய கழித்தல்தான். குடும்பத்துக்குள் அது வேறு.

ராமநகரத்தில் தெரிந்தது இதுதான். சில பெண்கள் மணியைத் தள்ள மறந்தார்கள். சிலர் மணியே காத்துவிடும் என்று நம்பினார்கள். இருட்டில் பச்சையும் சிவப்பும் ஒன்றாகத்தான் தெரியும் என்பதால் தடவிப் பார்த்தே அறியும்படி மணிகளின் வடிவத்தை மாற்ற வேண்டியிருந்தது. படிக்காத பெண்களின் அறியாமை என்று இவற்றைச் சிரித்தபடி சொல்வது பிறகு வழக்கமாயிற்று. ஆனால் கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பவளுக்கு மாதக்கணக்கில் விலக்கே வராது, வந்தாலும் ஒழுங்கிருக்காது. அவள் எந்த மணியிலிருந்து தொடங்குவாள்? சிவப்பு மணியன்று வேண்டாம் என்று சொன்னால் கணவன் கேட்டாக வேண்டுமே? சரத்தைப் பெண் கையில் கொடுத்த திட்டத்திடம் இதற்கு விடையில்லை.

அரசு பொறுமை இழந்தது. 1950களின் பின்பாதியில் சென்னை மாநிலம் கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 1965இல் நாடெங்கும் லூப் என்ற கருப்பைச் சாதனம் வந்தது.

ஆனால் மணிமாலை சாகவில்லை. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கழித்தல் கணக்கையே தூக்கிவிட்டு, சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் இருக்கும் பெண்களுக்கு 8 முதல் 19ஆம் நாள் வரை விலகல் என்று ஒரே விதி வைத்தார்கள். 32 மணி, கரு தங்கும் நாட்களுக்கு இருட்டில் ஒளிரும் வெள்ளை மணிகள். பொலிவியா, பெரு, பிலிப்பைன்ஸ் நாடுகளில் 478 பெண்களிடம் சோதித்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். விதியை அப்படியே பின்பற்றினால் ஆண்டுக்கு நூற்றில் ஐந்து பேர் கருவுறுவார்கள். வழக்கமான பயன்பாட்டில் பன்னிரண்டு பேர். வட இந்தியாவில் இது 'மாலா சக்ரா' என்ற பெயரில் அறிமுகமானது.

இன்று நாள் பார்ப்பவர்களில் பலர் பிள்ளை வேண்டித்தான் பார்க்கிறார்கள். கருமுட்டை வெளிவரும் நாளோடு முடியும் ஆறு நாட்களே கரு தங்கும் காலம் என்று 1995இல் ஆலன் வில்காக்ஸ் குழு காட்டியது. அந்த ஆறு நாளும் சுழற்சியின் 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் இடையில் முழுதாக அடங்குவது ஏறக்குறைய முப்பது சதவீதப் பெண்களுக்குத்தான் என்று 2000இல் அதே குழு சொன்னது. தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு நாள் குறித்துத் தரும் கைபேசிச் செயலிக்கு அந்த மாத நிலவரம் தெரியாது. போன மாதங்களை வைத்துத்தான் அது சொல்கிறது. குழந்தைப்பேறு மருத்துவமனைகளில் 9ஆம் நாள் வாக்கில் தொடங்கி ஒன்றுவிட்டு ஒரு நாள் ஸ்கேன் எடுத்து, கருமுட்டைப் பை 18, 20 மில்லிமீட்டர் ஆகிறதா என்று அளந்து பார்ப்பது அதனால்தான்.