பஞ்சம் கட்டிய மாளிகை

மாளிகை என்றால் மன்னன் கட்டியது என்று எழுதிவிடுகிறது வரலாறு. மாணவரும் அதை மனப்பாடம் செய்கின்றனர். நாம் ஜோத்பூர்க் குன்றின்மீது நிற்கும் உமைத் பவனைச் சற்று உற்று நோக்குவோம்.

பொன்னிற மணற்கல், நடுவே வானளாவும் குவிமாடம், இருபுறமும் விரிந்த சிறகுகள், அறைகள் 347! சுண்ணச் சாந்தின்றி, ஒரு கல்லின் விளிம்பு மறு கல்லின் பள்ளத்தில் பொருந்துமாறு செதுக்கி அடுக்கினர். மயிரிழை பிசகினாலும் பொருந்தாத வேலை அது. வரைபடம் தந்தவர் ஆங்கிலேயர் லான்செஸ்டர். சென்னை நகரமைப்பைப் பற்றி 1918-இல் நூல் எழுதிய அதே லான்செஸ்டர்தான். ஆனால் வரைபடம் கல்லைச் செதுக்குமா?

செதுக்கியவர் யார்? பசித்தவர்! 1920-களில் மழை பொய்த்து மார்வாடு வறண்டது. வேலை கேட்டனர் உழவர். 1929-இல் மன்னர் உமைத் சிங் அடிக்கல் நாட்டினார். 1943-இல் பணி முடிந்தது. 2,000 முதல் 3,000 பேர் வரை உழைத்தனர் என்பர். கூலி கிடைத்தது, அடுப்பு எரிந்தது. அதை நாம் மறுக்கவில்லை. இலவசக் கஞ்சியினும் உழைப்புக்கு ஊதியம் மேலானதே. எனினும் கேட்கிறோம்: வறட்சியால் வாடியவனுக்கு முதலில் வேண்டியது குவிமாடமா, குளமா? ஜவாய் ஆற்றில் பேரணை கட்டும் வேலையை அதே மன்னர் தொடங்கியது 1946-இல்! மாளிகை முடிந்து மூன்றாண்டு கழித்து! அணை நிறைவேறிய ஆண்டு 1957. அதைக் காண மன்னர் இல்லை, 1947-இலேயே மறைந்தார். மாளிகையில் அவர் வாழ்ந்ததும் நான்கே ஆண்டுகள்.

உள்ளே அழகுக்குக் குறைவில்லை. இலண்டனிலிருந்து வந்த நாற்காலி, மேசைகள் போர்க்காலத்தில் கப்பலோடு கடலில் மூழ்கின. போரால் நாடிழந்து வந்த போலந்து ஓவியர் நோர்ப்லின் புதிதாக வரைந்து தர, ஜோத்பூர்த் தச்சரே அவற்றைச் செய்தளித்தனர். சுவரில் இராமாயணக் காட்சிகளைத் தீட்டியவரும் அந்தப் போலந்துக்காரரே! மண்ணுக்கடியில் நீச்சல் குளமும் உண்டு. ஆம், பாலைநிலத்தில்தான்!

1971-இல் மன்னர் மானியம் ஒழிந்தது. அந்தப் பத்தாண்டிலேயே மாளிகையின் ஒரு பகுதி ஓட்டலாயிற்று. 2005 முதல் தாஜ் நிறுவனம் நடத்துகிறது. இன்னொரு பகுதி அருங்காட்சியகம். மற்றொன்றில் மன்னர் குடும்பம் வாழ்கிறது. ஒருநாள் வாடகை தர இயன்ற எவரும் இன்று அரசர் அறையில் உறங்கலாம். கல் சுமந்தவனின் பேரன் நுழைவுச்சீட்டு வாங்கி அருங்காட்சியகம்வரை செல்லலாம்.