திண்ணையிலிருந்து இறங்கிய புதிர்க்கணக்கு

பாடத்தை முடித்துவிட்ட கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் புதிரும் போட்டியும் விடுகணக்கும் என்ற எண்ணம் நம் தொடக்கப் பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது. வாய்ப்பாடு எல்லோருக்கும், புதிர் முன்வரிசைக்கு. இந்தப் பாகுபாடு ஏதோ ஆதிகாலத்து வழக்கம் போலத் தோன்றினாலும் இதன் வயது ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுதான். அதற்கு முன் கல்வராயன் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையத்தை உள்ளடக்கிய பழைய தென்னாற்காட்டுச் சீமையிலும் சரி, மற்றத் தமிழ்ச் சீமைகளிலும் சரி, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் புதிரே பாடமாக இருந்தது. அது எப்படிப் பாடத்திலிருந்து கழன்று தனிச்சரக்கானது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

அந்தப் பள்ளியின் நாள் போட்டியோடுதான் விடியும். பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கையில் இது விவரமாக இருக்கிறது. முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவது பிள்ளைக்குச் சுழி. மூன்றாவதாக வருபவனுக்குப் பிரம்பால் மெல்ல ஒரு தட்டு, நான்காமவனுக்கு இரண்டு என்று ஏறிக்கொண்டே போகும். பொழுது சாய்ந்தால் வேறொரு பயிற்சி. வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு பூ, ஒரு விலங்கு, ஓர் ஊர் என்று ஏதாவதொரு பெயரைச் சொல்லி அனுப்புவார் வாத்தியார். மறுநாள் அதை மறக்காமல் வந்து சொல்ல வேண்டும். தாம் படித்த காலத்து வழக்கமாக உ. வே. சாமிநாதையர் இதைப் பதிவு செய்திருக்கிறார். இடைப்பட்ட நேரம் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு ஏட்டுக்கு: பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாத்து. அதற்கும் மேலே கணக்கதிகாரம் என்ற கணக்கு நூல். பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் வழி அதில் உண்டு. காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். முள் நூறு என்றால் சுளை நூற்றிருபது. பண்ருட்டிப் பலாவும் இதே சீமைச் சரக்குதான். அதில் ஒன்றை வைத்து இந்தச் சூத்திரத்தைச் சோதித்தால் விடை பிசகவே வாய்ப்பு அதிகம். பிசகட்டுமே. பழத்தை அறுத்துப் பார்த்துச் சூத்திரத்தோடு சண்டை போடும் பிள்ளைக்கு அதைவிட நல்ல அறிவியல் பாடம் எது?

வெறும் மனப்பாடத்தை இப்படிக் கொண்டாடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. காம்ப்பெல்லே அதைத்தான் குறையாகச் சொன்னார். பொருள் தெரியாமல் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கிறார்கள் என்றார். செய்யுள் பாடங்களைப் பொறுத்தவரை அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. கணக்கு விஷயம் வேறு. முக்காலில் முக்கால் எவ்வளவு என்றால் அரையே மாகாணி என்று பிள்ளை சட்டென்று சொல்லும். ஒன்பதைப் பதினாறால் வகுத்த பின்னம்தான் அது. எட்டுப் பங்கு அரையாகவும் மிஞ்சிய ஒரு பங்கு மாகாணியாகவும் பிரிந்து நிற்கிறது. ஐந்து கலம் ஒரு தூணி நெல்லை நாலு பேருக்குப் பங்கிடு என்றால், கலத்துக்கு மூன்று தூணியாகப் பதினாறு தூணி, ஆளுக்கு நாலு, அதாவது ஒரு கலம் ஒரு தூணி என்று பலகையில்லாமல் வரும். மனப்பாடம் இங்கே கையிருப்பு. கையிருப்பு இல்லாதவன் மனக்கணக்குப் போட முடியாது. எண்சுவடி ஏடுகளை ஆராய்ந்த புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் செந்தில் பாபுவும் நினைவாற்றலை வெறும் ஒப்பித்தலாகப் பார்க்கவில்லை. கணிக்கும் திறனாகவே பார்க்கிறார்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள்? 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ கேட்டு வாங்கிய கணக்கின்படி சென்னை மாகாணத்தில் 11,575 பள்ளிகள் இருந்தன. தென்னாற்காட்டு மாணவர்களில் நூற்றுக்கு 84 பேருக்கு மேல் சூத்திரர், பிற சாதியார் என்ற பிரிவில் வருகிறார்கள். வரலாற்றாய்வாளர் தரம்பால் இந்த எண்களைத் திரட்டி வெளியிட்டபோது பலர் பெருமைப்பட்டார்கள். பிராமணர் மட்டுமே படித்தார்கள் என்ற கதையை உடைத்த அளவில் அந்தப் பெருமை சரி. ஆனால் சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணை ஏறும் உரிமை இல்லை. பெண் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். கச்சிராயபாளையத்துக்கு மேற்கே மலையில் இருந்த மலையாளிப் பழங்குடிகளோ ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தார்கள். அரசு அந்த ஜாகிர்களை முழுமையாக எடுத்துக்கொண்டது 1976இல்தான். போதாக்குறைக்கு நெல்லிலக்கம் யாருக்காக அளந்தது என்றும் கேட்க வேண்டும். களத்துமேட்டில் மரக்கால் பிடித்தவன் கணக்குக் கற்றவன், கூலி வாங்கக் குனிந்து நின்றவன் கல்லாதவன். இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் பேச வேண்டியிருக்கிறது. ஆனாலும் திண்ணையில் இடம் கிடைத்த பிள்ளைகளுக்குள், நீ மந்தம், உனக்குப் புதிர் வேண்டாம் என்ற பாகுபாடு கிடையாது. சாதி வாசலில் தடுத்தது. உள்ளே போனவன் எவனும் பலாப்பழக் கணக்கிலிருந்து தப்பவில்லை.

புதிர் பாடத்திலிருந்து கழன்றது பிறகு. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எழும்பூர் அனாதைப் பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தம் பள்ளியில் புகுத்தினார். மூத்த பிள்ளை சட்டாம்பிள்ளையாக இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் புத்தகமாக்கினார். சட்டாம்பிள்ளை இங்கிலாந்தில் ‘மெட்ராஸ் முறை’ ஆனார். போனது பழக்கம், திரும்பி வந்தது இன்ஸ்பெக்டர். 1860களின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் தேர்ச்சிக்கேற்ற மானியம் வந்தது. இன்ஸ்பெக்டர் வந்து வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் பிள்ளைகளைச் சோதிப்பார். எத்தனை பேர் தேறினார்களோ அந்த அளவுக்குப் பணம். திண்ணை வாத்தியார்களும் அந்த மானியத்தை நாடினார்கள். காசு தராத பலாப்பழத்தை யார் எண்ணிக்கொண்டிருப்பார்? கேட்கப்படும் கணக்கு மட்டும் வகுப்பில் தங்கியது, மற்றது தாத்தாக்களின் பொழுதுபோக்காயிற்று. 1957இல் நயா பைசாவும் அடுத்து கிலோவும் மீட்டரும் வந்தபின் மாகாணிக்கும் முந்திரிக்கும் புழக்கமும் போனது. அளவைகள் போனதில் எனக்கு வருத்தமில்லை. முந்நூற்றிருபதில் ஒரு பங்கான முந்திரியை இன்று எந்தக் கடையில் கேட்பது?

அடிப்படையே வராத பிள்ளைக்குப் புதிர் எதற்கு என்று இப்போது சொல்கிறார்கள். 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, பாட்டும் விளையாட்டுமாகக் கற்பிக்கிறது. கொரோனாவில் வாசிப்பு நின்றுபோன பிள்ளைகளுக்கு அது தேவைதான். அரும்புக்குப் பயிற்சித்தாள், மலருக்குச் சவால் என்று அது சுருங்கிவிட்டால்தான் இன்ஸ்பெக்டர் காலத்துக்கே திரும்பிப் போவோம். அடிப்படையும் புதிரும் படிக்கட்டுகள் அல்ல. நெல்லைப் பங்கிட்ட பிள்ளை வகுத்தலை அந்தப் பங்கீட்டுக்குள்ளேதான் கற்றது. கச்சிராயபாளையத்தில் இதற்குப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. கோமுகி அணையின் முழு உயரம் 46 அடி. இன்றைய மட்டத்தைச் சொன்னால் இன்னும் எத்தனை அடி நிரம்ப வேண்டும் என்பது மூன்றாம் வகுப்புக் கழித்தல். பாதி உயரத்துக்கு நீர் நின்றால் பாதித் தண்ணீர்தானா, குறைவா என்பது அஞ்சாம் வகுப்பையே திணறடிக்கும் கேள்வி. அணை கீழே குறுகி மேலே விரிவதை ஒரு பிள்ளை யோசித்துச் சொல்லிவிட்டால் வாத்தியாருக்கு அன்றைய பாடம் முடிந்தது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டியின் எடைச்சீட்டு இன்னொரு கணக்கு. இவற்றை மலையிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளையிடமும் ஆலைத் தொழிலாளியின் பிள்ளையிடமும் ஒரே நாளில், ஒரே பெஞ்சில் கேட்கலாம்.