வண்டியின் பெயரும் தரமும்

ஹெந்தளையிலிருந்து வத்தளை வழியாகக் களனியாற்றைக் கடந்து கொழும்பு செல்லும் ஒருவர், வீதியிலோடும் கார்களை உற்று நோக்கின், அவற்றுட் பல யப்பானிய ஆக்கங்களென்பதைக் காண்பார். மூன்று தலைமுறைகளுக்கு முன் இலங்கை வீதிகளில் மொறிஸ், ஒஸ்ரின் முதலிய பிரித்தானிய வண்டிகளும், போர்ட், செவர்லே முதலிய அமெரிக்க வண்டிகளுமே மதிப்புப் பெற்றிருந்தன. யப்பானியப் பொருள் என்றாலே மலிவும் விரைவில் உடைதலும் நினைவுக்கு வந்த காலம் அது. அம்மதிப்பு மாறிய வரலாறு ஆராய்தற்குரியது.

மோட்டார்த் தொழிலில் அமெரிக்கா ஆசிரியனாகவும் யப்பான் மாணவனாகவும் இருந்தன. 1908 இல் வெளிவந்த போர்ட்டின் 'ரி' வண்டி, 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் ஆக்கப்பட்டது. 1925 இல் யொக்கோகாமாவில் போர்ட் நிறுவனமும், 1927 இல் ஒசாக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனமும் வண்டிகளைப் பொருத்தத் தொடங்கின. 1957 இல் டொயோட்டா தனது கிரவுண் வண்டியை அமெரிக்காவுக்கு அனுப்பியது. அந்நாட்டு நெடுஞ்சாலைகளின் வேகத்துக்கு அவ்வண்டி ஈடுகொடுக்கவில்லை. சில ஆண்டுகளில் அதன் விற்பனை கைவிடப்பட்டது.

தோல்வியைக் கண்டு மாணவன் ஓய்ந்துவிடவில்லை. 1950 இல் அமெரிக்கப் புள்ளியியலறிஞர் டெமிங் யப்பானில் தரக்கட்டுப்பாடு பற்றி விரிவுரையாற்றினார். அவர் பெயரால் 1951 இல் நிறுவப்பெற்ற பரிசை 1965 இல் டொயோட்டா பெற்றது. முடிந்த பொருளிற் குறைகளைத் தேடுவதினும், ஒவ்வொரு படியிலும் குறை தோன்றாது காத்தலே மேலென்பது அந்நெறியின் சாரம். குறை கண்ட தொழிலாளி வேலை வரிசையையே நிறுத்தலாம். இவ்வாறு அமெரிக்கரொருவர் போதித்ததை அமெரிக்கரினும் யப்பானியரே ஊன்றிக் கற்றனர்.

அக்காலத்தில் டெற்றோயிட் நகரத்தார் வண்டியின் பருமனிலும் ஆண்டுதோறும் மாறும் தோற்றத்திலும் கருத்தைச் செலுத்தினர். 1973 இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, குறைந்த பெற்றோலில் ஓடும் சிறு வண்டிகளை மக்கள் நாடினர். 1980 இல் யப்பானின் வாகன உற்பத்தி அமெரிக்காவை விஞ்சியது. 1981 இல் யப்பான் அமெரிக்காவுக்கான கார் ஏற்றுமதிக்குத் தானே எல்லை வகுக்க நேர்ந்தது.

இவ்வெற்றி இனத்தின் இயல்பால் வந்ததெனக் கூறுவாருளர். அக்கூற்றை 1984 ஆம் ஆண்டு மறுத்தது. கலிபோர்னியாவின் பிறீமொன்ற் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் மூடிய தொழிற்சாலையை, அந்நிறுவனமும் டொயோட்டாவும் கூட்டாக மீண்டுந் திறந்தன. பழைய தொழிலாளர் பலரே அங்கு வேலை செய்தனர். நிருவாக முறை மட்டுமே மாறியது. வண்டிகளின் தரமோ வியக்கத்தக்கவாறு உயர்ந்தது.

இலங்கையின் நிலைக்கு வேறு காரணங்களும் உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில் பழைய பிரித்தானிய வண்டிகள் பழுதுபார்க்கப்பட்டே ஓடின. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் யப்பானிய வண்டிகள் பெருகின. யப்பானியரும் நம்மைப்போல் வீதியின் இடப்புறமாகவே வண்டி ஓட்டுவதால், அவர்கள் பாவித்த வண்டிகள் நம் வீதிகளுக்கு மாற்றமின்றிப் பொருந்தின.

எனினும் புகழ் எவர்க்கும் நிலைத்த சொத்தன்று. 2009 இல் ஜெனரல் மோட்டார்ஸ் நொடிப்பு நிலையடைந்தது. 2009, 2010 ஆம் ஆண்டுகளில் டொயோட்டாவும் குறைகளுக்காகப் பல இலட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. தன் குறையைத் தானே தேடுவோன் பெயர் பெறுகிறான். பெற்ற பெயரை நம்பி அத்தேட்டத்தைக் கைவிடுவோன் அதனை இழக்கிறான். இஃது நாடுகளுக்கும் பொருந்தும், கற்போர்க்கும் பொருந்தும்.