செயற்கைக்கோள் ஏவுதல்

மனிதன் செய்த கலத்தை ராக்கெட்டில் ஏற்றி, பூமியைச் சுற்றும் பாதையில் விடுவது செயற்கைக்கோள் ஏவுதல் எனப்படும். உயரே கொண்டுபோவதோடு வேலை முடிவதில்லை. தாழ்வான சுற்றுப்பாதை என்றாலும் விநாடிக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகத்தைப் பக்கவாட்டில் கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கலம் திரும்பத் தரைக்கே வந்துவிடும். எந்த நாடு யாரை முந்தியது என்ற கணக்கோடு இந்த வரலாற்றை முடித்துவிடுவோர் பலர். மேலே போன கலங்கள் என்ன வேலை பார்த்தன என்ற கதை அதைவிடச் சுவையானது.

முதல் கலம் சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் 1. ராக்கெட் வடிவமைப்பாளர் செர்கேய் கொரோலியோவின் குழு 1957 அக்டோபர் 4 அன்று, பின்னாளில் பைக்கோனூர் எனப் பெயர்பெற்ற கஜகஸ்தான் தளத்திலிருந்து அதை ஏவியது. சுமந்து சென்றது ஆர்-7. அணுகுண்டோடு கண்டம் தாண்டுவதற்காகச் செய்யப்பட்ட ஏவுகணை. கலமோ 58 செ.மீ. விட்டமுள்ள, 83.6 கிலோ எடையுள்ள பளபளப்பான உலோகக் கோளம். உள்ளே ரேடியோ டிரான்ஸ்மிட்டரும் பேட்டரியும் இருந்தன. நைட்ரஜன் வாயு நிரப்பி மூடியிருந்தார்கள். வெப்பமோ அழுத்தமோ எல்லை மீறினால், ‘பீப்’ ஒலியின் நீளம் மாறும்படி அமைப்பு இருந்தது. மூன்று வாரத்தில் பேட்டரி தீர்ந்தது. 1958 ஜனவரி 4 அன்று கலம் காற்றுமண்டலத்தில் எரிந்துபோனது. அதன் பாதை நாளுக்கு நாள் தாழ்ந்த விதத்தைக் கணக்கிட்டே மேல்வளிமண்டலத்தின் அடர்த்தியை விஞ்ஞானிகள் மதிப்பிட்டார்கள்.

அந்த ‘பீப்’ ஒலியால் எதிர்பாராத இன்னொரு பலனும் கிடைத்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் இரண்டு இளம் இயற்பியலாளர்கள் அதைப் பதிவுசெய்தார்கள். கலம் நெருங்கும்போது அதிர்வெண் சற்று ஏறுகிறது, விலகும்போது இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே அதன் பாதையைக் கணித்துவிட்டார்கள். அவர்களுடைய மேலதிகாரி ஃபிராங்க் மெக்ளூர் கணக்கைத் தலைகீழாக்கினார்: கோளின் பாதை தெரிந்திருந்தால், கேட்பவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாமே! ஏவுகணை ஏந்திய நீர்மூழ்கிக் கப்பல்கள் நடுக்கடலில் தம் இடத்தை அறிவதற்காக டிரான்சிட் கோள்கள் 1960இல் ஏவப்பட்டன. கைப்பேசியில் இன்று வழிகாட்டும் ஜி.பி.எஸ்.ஸின் மூதாதை அதுவே.

அமெரிக்காவின் முதல் வெற்றி எக்ஸ்புளோரர் 1. 1958 ஜனவரி 31 இரவு, கேப் கனாவரலிலிருந்து கிளம்பியது. அதிலிருந்த கெய்கர் எண்ணி, அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் ஆலனுடையது. விண்வெளியிலிருந்து வரும் கதிர்களை எண்ணுவது அதன் வேலை. தாழ்வான உயரங்களில் ஒழுங்காக எண்ணியது. மிக உயரே போனதும் சுழியம் காட்டியது. கருவி பழுது என்றுதான் எவருக்கும் தோன்றும். அதே வகைக் கருவியின் மீது ஆய்வகத்தில் கடுமையான எக்ஸ் கதிரைப் பாய்ச்சிப் பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது: கதிர் அளவுக்கு மீறிப் பாய்ந்தால் எண்ணி திக்குமுக்காடி நின்றுவிடுகிறது! மார்ச்சில் சென்ற எக்ஸ்புளோரர் 3 இதை உறுதிசெய்தது. பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளை வான் ஆலன் கண்டுபிடித்தது இப்படித்தான். அவ்வாண்டு மே மாதம் சோவியத் அனுப்பிய ஸ்புட்னிக் 3 ஏறத்தாழ 1,300 கிலோ எடை கொண்ட பறக்கும் ஆய்வகம்; ஆனால் அளவீடுகளைப் பதிந்துவைக்க வேண்டிய அதன் டேப் ரெக்கார்டர் வேலை செய்யவில்லை.

1958 மார்ச் 17இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் வான்கார்டு 1 பம்பளிமாஸ் பழ அளவே இருந்தது, எடை 1.47 கிலோ. சூரிய மின்கலத்தால் இயங்கிய முதல் செயற்கைக்கோள் இது. 1964 வரை குரல் கொடுத்தது, இன்றும் மௌனமாகச் சுற்றுகிறது. அதன் பாதையிலிருந்த நுண்ணிய கோணல்களிலிருந்து, பூமியின் வடிவத்தில் துருவத்துக்குத் துருவம் சிறு வேறுபாடு இருப்பது தெரியவந்தது.

உளவுக்கோள்களின் தொடக்கமும் இதே காலம்தான். டிஸ்கவரர் என்ற பெயரில், அறிவியல் ஆய்வு என்று அறிவித்து, அமெரிக்கா நடத்தியது உண்மையில் கொரோனா என்னும் ரகசியத் திட்டம். விண்ணில் எடுத்த படங்களை ரேடியோ வழியே தெளிவாக அனுப்ப அப்போது வழியில்லை. ஆகவே ஃபிலிம் சுருளையே கீழே போட்டார்கள். தொடர்ந்து பல முறை தோற்ற பின், 1960 ஆகஸ்ட் 19 அன்று, டிஸ்கவரர் 14இன் பெட்டகம் ஹவாய் அருகே பாராசூட்டில் இறங்கியது. சி-119 விமானம் ஒன்று வாலில் கொக்கி தொங்கவிட்டுப் பறந்து, மூன்றாவது சுற்றில் அதை நடுவானில் பிடித்தது. யு-2 உளவு விமானங்கள் அதுவரை படமெடுத்த சோவியத் நிலப்பரப்பு முழுவதையும்விட அதிகமான பரப்பு அந்த ஒரே சுருளில் இருந்தது. இந்த ரகசியம் 1995இல்தான் வெளியிடப்பட்டது.

1960 ஏப்ரல் 1இல் சென்ற அமெரிக்க வானிலைக்கோள் டைரோஸ் 1, வெறும் 78 நாள் ஆயுளில் ஏறத்தாழ 23,000 படங்கள் அனுப்பி, மேகக்கூட்டங்களை மேலிருந்து பார்க்கும் வழக்கத்தைத் தொடங்கியது.

1962 ஜூலை 10இல் ஏவப்பட்ட டெல்ஸ்டார் 1, அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தொலைக்காட்சிப் படத்தைக் கடத்தியது. அதற்கு முந்தைய நாள்தான் பசிபிக் மேலே ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடித்திருந்தது. அந்தக் கதிர்வீச்சு டெல்ஸ்டாரின் டிரான்சிஸ்டர்களைக் கெடுத்தது. சில மாதங்களில் கோள் ஓய்ந்தது. தரையிலிருந்து பார்க்க ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும் புவிநிலைப் பாதையில் இருந்த சின்காம் 3, 1964 டோக்கியோ ஒலிம்பிக் காட்சிகளைப் பசிபிக் கடந்து கொண்டுபோனது.

ஒரு நாட்டின் ஏவும் திறனை அதன் சொந்த ராக்கெட்டைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும். அந்த வரிசையில் பிரான்ஸ் 1965இலும், ஜப்பானும் சீனாவும் 1970இலும் சேர்ந்தன. 1971இல் ஆஸ்திரேலியாவின் வூமராவிலிருந்து பிரிட்டன் பிராஸ்பெரோவை ஏவியபோது, அந்த ராக்கெட் திட்டத்தையே அரசு ஏற்கெனவே கைவிட்டிருந்தது. இந்தியாவின் ஆர்யபட்டா 1975இல் சோவியத் ராக்கெட்டில் சென்றது. 1980 ஜூலை 18இல் அப்துல் கலாம் இயக்கிய எஸ்.எல்.வி.-3 திட்டம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 35 கிலோ ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. மக்களுக்குப் பயன்பட்ட விதத்தில் இவற்றையெல்லாம் விஞ்சியது 1975-76இல் நடந்த ‘சைட்’ தொலைக்காட்சிச் சோதனை. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியே இந்தியாவின் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்கு வேளாண்மை, சுகாதார நிகழ்ச்சிகள் ஒளிபரப்பாயின. அவற்றைப் பெறும் ஆன்டெனாக்கள் கோழிவலைக் கம்பியால் செய்யப்பட்டவை.

இக்காலத்தில் ஒரே ராக்கெட்டில் பல கோள்களை ஏற்றுகிறார்கள்: 2017 பிப்ரவரியில் இந்தியாவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் 104 கோள்களை ஏற்றிச் சென்றது. 2019 மே முதல் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனம் இணையச் சேவைக்கான ஸ்டார்லிங்க் கோள்களைக் கொத்துக் கொத்தாக அனுப்பிவருகிறது.