அமுக்கும் கதிரைகள்: யாருக்கு ஆறுதல், யாருக்கு ஆபத்து?

பங்குனி, சித்திரையில் வருமானவரிப் படிவம் நிரப்ப எம்மிடம் வருகிறவர்கள், மருந்துச் சிட்டைகளோடு சில வேளைகளில் ஒரு கதிரைச் சிட்டையையும் மேசையில் வைக்கிறார்கள். மூவாயிரம், நாலாயிரம் டொலர். "அண்ணை, இது வைத்தியச் செலவுக்குள்ள வருமோ?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு வரிச் சட்டத்தில் பதில் உண்டு. சட்டம் கேட்காத கேள்வி ஒன்றும் உண்டு: அந்தக் கதிரையில் இருக்கப்போகிறவர் யார்?

நாம் வைத்தியர் அல்ல. ஆனாலும் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இவற்றை வாங்குகிற குடும்பங்கள் நம்மிடையே கூடிவருவதால், பொதுவாக அறியப்பட்ட விடயங்களை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

எவை இந்தக் கதிரைகள்?

முதலாவது, மசாஜ் கதிரை. கால், கை, இடுப்புப் பகுதிகளில் காற்றுப்பைகள் ஊதி இறுக்கித் தளரும்; முதுகில் உருளைகள் ஓடும். இரண்டாவது, அணைப்புக் கதிரை. இருபுறமும் உள்ள மெத்தைகள் உடலைப் பக்கவாட்டில் அணைக்கும். பெரும்பாலும் ஓட்டிசம் உள்ளவர்களுக்காகச் செய்யப்படுவது. இவற்றின் நெருங்கிய உறவு, எடைப் போர்வை.

வைத்தியர் எழுதித் தரும் இறுக்கக் காலுறை வேறு. அதன் அழுத்தம் மில்லிமீற்றர் பாதரச அளவில் குறிக்கப்பட்டிருக்கும். காலை அளந்துதான் தருவார்கள். கடைக் கதிரையில் பெரும்பாலும் 'மெது, நடு, கடுமை' என்று மட்டுமே இருக்கும். உங்கள் காலுக்கு எது கடுமை என்பது அந்த இயந்திரத்துக்குத் தெரியாது.

கைப்பிடி யாரிடம்?

அணைப்புக் கருவியின் கதை அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டினிடம் தொடங்குகிறது. 1947இல் பிறந்த அவர் ஓட்டிசம் உள்ளவர். அரிசோனாவில் உறவினர் ஒருவரின் பண்ணையில், ஊசி போடுவதற்காக மாடுகளை இரு பக்கப் பலகைகளுக்கு இடையில் நிறுத்தி அழுத்தும்போது அவற்றில் சில அமைதியடைவதைக் கண்டார். 18 வயதில் தனக்கென்று அப்படி ஒரு பெட்டியைச் செய்தார். இருபுறமும் மெத்தை வைத்த பலகைகள். அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு கைப்பிடி. 1992இல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் எழுதினார்.

இதில் கவனிக்கவேண்டியது அந்தக் கைப்பிடி. உள்ளே இருப்பவரின் கையிலேயே அது இருந்தது. அழுத்தம் தாங்கமுடியாமல் போகும்போது அதை உணரவும், சொல்லவும், விடுவித்துக்கொள்ளவும் முடிந்தவருக்கு ஆபத்து குறைவு. இம்மூன்றில் ஒன்று இல்லாதவருக்கே கூடுதல் கவனம் வேண்டும்.

உணர முடியாதவர்கள்

நம் சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு அரிது. நீண்டகால நீரிழிவு கால் நரம்புகளை மரக்கச் செய்யும்; இரத்தக் குழாய்களையும் ஒடுக்கும். அப்படிப்பட்ட காலை இறுக்கினால், ஏற்கனவே குறைந்த இரத்தோட்டம் மேலும் குறையும். கதிரையின் சூடு தோலைப் பொசுக்கினாலும் தெரியாது. காலில் புண், தொற்று, விறைப்பு உள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் கால் அமுக்கியைப் பாவிக்கக்கூடாது. கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் அளந்து ஒப்பிடும் எளிய சோதனை, கால் இரத்தோட்டத்தின் நிலையைக் காட்டும்.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோவதும் சிவப்பதும் இரத்தக்கட்டியாக இருக்கலாம். கொழும்புக்குப் போய்வந்த நீண்ட விமானப் பயணத்துக்குப் பிறகு அப்படி வந்தால், "கதிரையில் கொஞ்சம் அமுக்கி விடுவம்" என்று நினைக்கவேண்டாம். கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் உயிர் ஆபத்து. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். இதயம் பலவீனப்பட்டதால் இரண்டு கால்களும் வீங்கியவருக்கும் இது ஆகாது. காலில் தேங்கிய நீரை அழுத்தி மேலே அனுப்பினால் அந்தச் சுமையையும் இதயம்தான் தாங்கவேண்டும்.

எலும்பு தேய்ந்த அம்மம்மாமார், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், முதுகில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், இதயத்தில் மின்கருவி பொருத்தியவர்கள் ஆகியோரும் முதலில் வைத்தியரிடம் கேட்கவேண்டும். எறிகணைச் சிதறலை இன்னும் உடம்பில் சுமப்பவர்களுக்கு அதை நாம் நினைவூட்டத் தேவையில்லை. அது இருக்கும் இடத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சொல்ல முடியாதவர்கள், விடுபட முடியாதவர்கள்

2008இல் கியூபெக் மாகாணத்தில் ஒரு பாடசாலையில், ஓட்டிசம் உள்ள ஒன்பது வயதுச் சிறுவன் எடைப் போர்வையில் சுற்றப்பட்டு, மூச்சற்ற நிலையில் காணப்பட்டான்; பின்னர் இறந்தான். 2022இல் அமெரிக்காவில், 4, 6 வயதுச் சிறுமிகள் இருவர் எடைப் போர்வையின் உறைக்குள் சிக்கி மூச்சுத்திணறி இறந்தார்கள். அதன் பிறகு ஏறத்தாழ 2,04,000 போர்வைகள் திரும்பப் பெறப்பட்டன. கைக்குழந்தைகளுக்கு எடை வைத்த எந்தப் படுக்கைப் பொருளும் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் அதே ஆண்டு அறிவுறுத்தியது. ஓட்டிசம் உள்ள பிள்ளைக்கு இவ்வகைப் பொருள் வாங்குமுன் தொழில்வழிச் சிகிச்சையாளரின் ஆலோசனை அவசியம். பிள்ளை கேட்டால் மட்டும், பெரியவர் அருகில் இருக்கும்போது மட்டும். தண்டனையாக, அடக்குவதற்காக ஒருபோதும் வேண்டாம். மறதிநோய் உள்ள முதியவருக்கும் இதே விதிதான்.

உருளைகள் ஓடும் கருவிகளில் தலைமுடி, சேலைத் தலைப்பு, தாலிக்கொடி சிக்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2011இல், ஒரு கழுத்து மசாஜ் கருவியில் கழுத்துச் சங்கிலி சிக்கி ஒருவர் இறந்ததை அடுத்து எச்சரிக்கை விடுத்தது. கால்தாங்கி இறங்கும்போது அதன் கீழே பேரப்பிள்ளை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்னொரு வகையினரைப் பற்றி விற்பனைக் கையேடுகள் பேசுவதில்லை. எமது மகள் ஒருநாள் வணிக வளாகத்தில் எம்மை இப்படியொரு கதிரையில் இருத்தினாள். முதலில் கால், பிறகு இரண்டு கைகளும் பிடிபட்டன. றிமோட் அவளிடம் இருந்தது. "பதினைஞ்சு நிமிசம்தான் அப்பா" என்று சிரித்தாள். அந்தப் பதினைந்து நிமிடமும் நாம் வேறோர் அறையில் இருந்தோம். கட்டி வைக்கப்பட்டவர்களும் தடுத்து வைக்கப்பட்டவர்களும் நம் வீடுகளில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆகவே பிள்ளைகளே, பரிசு கொடுக்குமுன் கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேளாமல் விடுங்கள்.

வாங்குமுன் செய்யவேண்டியவை

பாவிக்கப்போகிறவரைக் கடைக்குக் கூட்டிச் செல்லுங்கள். இறுகியிருக்கும்போது மின்சாரம் நின்றால் காற்று தானாக இறங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு, அவரையே செய்து காட்டச் சொல்லுங்கள். உதவியின்றி எழும்ப முடிகிறதா என்று பாருங்கள். வீட்டில் மிகக் குறைந்த அளவில் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். கையேடு சொல்லும் நேரத்தைத் தாண்டவேண்டாம். அதில் நித்திரை கொள்ளக்கூடாது. எழும்பியதும் காலையும் தோலையும் பாருங்கள். சிவப்பு நீடித்தாலோ, விறைத்தாலோ, மூச்சு முட்டினாலோ நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். பாவித்து முடிந்ததும் மின்னிணைப்பைக் கழற்றி வையுங்கள்.

றிமோட்டை மட்டும், இருப்பவரின் கையிலேயே கொடுங்கள்.