கேட்க வேண்டியது கதையா, சம்பவமா? உடல்நோயாளரின் மனச்சோர்வும் கதைவழிச் சிகிச்சையும்

அடிலெய்டு நகரின் மைக்கேல் வைட்டும் நியூசிலாந்தின் டேவிட் எப்ஸ்டனும் 1990இல் வெளியிட்ட நூலில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் வருகிறான். மலம் அடங்காத பிள்ளை. அவனுக்கு என்ன கோளாறு என்று வைட் துருவவில்லை. மலத்தையே ஒரு கள்ளப்பயலாகப் பேச்சில் எழுப்பினார். அது வீட்டில் யாரை என்ன பாடு படுத்துகிறது, எந்த நாளில் நீங்கள் அதற்கு மசியவில்லை என்று கேட்டார். ஆளையும் ஆளைப் பிடித்த தொல்லையையும் பிரித்துப் பேசும் இந்த உத்தியே புறப்படுத்தல். கதைவழிச் சிகிச்சையின் அச்சாணி.

சிறுவனின் தொல்லை விரட்டினால் ஓடக்கூடியது. சிறுநீரகம் செயலிழந்த ஐம்பது வயதுக்காரரின் நிலை வேறு. வாரம் மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். தண்ணீரை அளந்துதான் குடிக்க வேண்டும். பொட்டாசியம் ஏறும் என்பதால் இளநீருக்குத் தடை. தமனியையும் சிரையையும் இணைத்துக் கையில் அமைத்த ஃபிஸ்டுலாவின்மேல் விரல் வைத்தால் விர்ரென்று ஓர் அதிர்வு தட்டுப்படும். அது நின்றுபோனால்தான் ஆபத்து; அதனால் தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நோயின் தழும்பே உயிரைத் தாங்கும்போது எதைக் கள்ளன் என்று வெளியே நிறுத்துவது? நோயை நிறுத்த முடியாது. நோயைச் சாட்சிக்கு வைத்து அவர் தம்மீது எழுதிக்கொண்ட தீர்ப்பை நிறுத்தலாம்: “வீட்டுக்குப் பாரமாகிவிட்டேன்.” உடல்நோயாளரிடம் புறப்படுத்தல் இந்தத் தீர்ப்போடு நின்றுகொள்வதே முறை என்பது என் வாதம்.

மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பிஎச்க்யூ-9 படிவத்தின் ஒன்பது கேள்விகளில் தூக்கம், களைப்பு, பசி மூன்றும் உண்டு. சிறுநீரக நோயே இம்மூன்றையும் கெடுக்கும். மதிப்பெண் கூடியிருப்பதில் நோயின் பங்கு எவ்வளவு, மனத்தின் பங்கு எவ்வளவு என்பது பேசிப் பார்க்காமல் விளங்காது.

பேச்சிலும் ஒரு சிக்கல். மனச்சோர்வில் நினைவு பொதுப்படையாகிவிடும் என்று பிரிட்டிஷ் உளவியலாளர் மார்க் வில்லியம்ஸ் 1980களிலேயே காட்டினார். குறிப்பிட்ட ஒரு நிகழ்ச்சியைக் கேட்டால், “எப்பவும் இப்படித்தான்” என்ற பாங்கில் பதில் வரும். வைட்டின் ‘எந்த நாளில்’ என்ற கேள்வியின் அருமை இங்கேதான் புரிகிறது. மனச்சோர்வு அழித்துவிட்ட ‘ஒரு நாளை’ அது மீட்கப் பார்க்கிறது. இச்சிகிச்சை பலிக்குமானால் வாழ்க்கை முழுவதையும் அழகான கதையாகக் கோப்பதால் பலிக்காது. இப்படிப்பட்ட நாட்களைத் தோண்டி எடுப்பதால்தான் பலிக்கும்.

கோப்பதில் அபாயமும் உண்டு. வாழ்வை எல்லோரும் கதையாக உணர்வதில்லை என்று தத்துவவாதி கேலன் ஸ்ட்ராசன் 2004இல் வாதிட்டது உளச்சிகிச்சையாளர் காதில் இன்னும் சரியாக விழவில்லை. மாரடைப்பையும் புற்றுநோயையும் தாமே கண்ட சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க், 1995இல் நோயாளர் கதைகளை மூவகையாகப் பிரித்தார்: குணமாகும் கதை, குழம்பிய கதை, தேடல் கதை. மருத்துவமனைக்குப் பிடித்தது முதலாவது. பார்க்க வரும் உறவினருக்கும் அதுவே பிடிக்கும். “எல்லாம் சரியாயிடும்” என்று ஆப்பிள் பையோடு வருவார்கள். குழம்பிய கதையைத்தான் யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை. சிகிச்சையாளரும் அதை அவசரமாகத் தேடல் கதையாக்கினால், உறவினர் செய்ததையே கட்டணம் வாங்கிக்கொண்டு செய்தவராவார்.

கனடாவின் ஹார்வி சோச்சினோவ் உருவாக்கிய கண்ணியச் சிகிச்சை, கதைவழிச் சிகிச்சைக்கு நெருங்கிய உறவு. மரணத்தை நெருங்கியவரின் பேச்சைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, செப்பனிட்டு, அவருக்கே வாசித்துக் காட்டி, திருத்தி, அவர் விரும்பியவர்களுக்குப் போய்ச்சேரக் கொடுக்கிறார்கள். 441 பேரைச் சேர்த்த ஆய்வு 2011இல் வெளியானது. முதன்மையான துயர அளவைகளில் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் உதவியாக இருந்ததாகச் சொன்னவர்கள் கண்ணியச் சிகிச்சைக் குழுவில் அதிகம். தொடக்கத்திலேயே பெருந்துயரம் இல்லாதவர்களிடம் அது குறைய இடமேது என்ற விளக்கம் நியாயமானதே. என்றாலும், கடும் மனச்சோர்வுக்கு இதுவே மருந்து என்று இவ்வாய்வைக் காட்டிச் சொல்வதற்கில்லை. மருந்தும் பிற உளச்சிகிச்சைகளும் இருக்கும் இடத்தில் இருக்கட்டும்.

நம் டயாலிசிஸ்காரர் பலமுறை கேட்டபின், “போன செவ்வாய்க்கிழமை பேத்திக்குச் சடை பின்னிவிட்டேன்” என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். அதற்குப் பொருள் சொல்ல முந்தக் கூடாது. பேத்தி வந்து கேட்டாளா, இவராகக் கூப்பிட்டாரா? ஊசி குத்திய கை வலிக்கவில்லையா? ஒற்றைச் சடையா, இரட்டையா?